சென்னையின் மின் ஊர்திகளும் பழைய ஸ்கூட்டர் சந்தையும்

சென்னைத் தெருக்களுக்கு மின்சார ஊர்தி புதிதல்ல. 1895 மே 7 அன்று இங்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் சாலைக்கு அடியில் பதித்த குழாய் வழியே மின்சாரம் கொடுத்தனர். பருவமழை வெள்ளம் அதைக் கெடுத்ததால் மேல்நிலைக் கம்பிக்கு மாறினர். 1856 இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரத்துக்கும் டிராம் வந்தது. 1953 ஏப்ரலில் சேவை நின்றது. இரண்டாண்டு கழித்து, 1955 இல், மெட்ராஸ் மோட்டார்சுடன் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. அதன் ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. அதன்பின் வடசென்னை பெட்ரோல் வண்டியின் ஊராயிற்று.

மின்சாரம் திரும்பி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2008 இல் கோவையில் ஆம்பியர் தொடங்கப்பட்டது. அக்காலத்து வண்டிகள் பலவும் ஈய அமில பேட்டரியில் மெதுவாக ஓடின. 25 கி.மீ. வேகத்துக்கும் 250 வாட் திறனுக்கும் உட்பட்டவற்றுக்குப் பதிவும் உரிமமும் வேண்டியதில்லை. சென்னை ஐஐடி முன்னாள் மாணவர்கள் 2013 இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனம் 2018 இல் லித்தியம் பேட்டரி ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விற்பனையைப் பெருக்கியது மானியமே. ஃபேம் 2 திட்டத்தில் 2021 ஜூனில் கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக உயர்ந்த மானியம், 2023 ஜூனில் 10,000 ஆகக் குறைந்தது. இன்று கைமாறும் வண்டிகளில் பல அந்த இரண்டாண்டில் வாங்கப்பட்டவை. விற்பவர் புது வண்டியின் இன்றைய விலையைச் சொல்லிப் பேரம் பேசினால், அவர் மானியம் போக எவ்வளவு கொடுத்தார் என்று பில்லைக் கேட்பது நியாயம்தான்.

அதே காலத்தில்தான் தீ விபத்துகளும் நிகழ்ந்தன. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் மகளும் இறந்தனர். இதையடுத்து ஏஐஎஸ் 156 பாதுகாப்புத் தரத்தின் கடுமையான விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. எனவே பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு மாதம் விலையைவிட முக்கியம். வாசலிலேயே படிக்கட்டு தொடங்கும் ராயபுரத்துச் சந்து வீடுகளில் வண்டிக்கு சார்ஜ் போடும் இடமும் வெளியேறும் வழியும் பெரும்பாலும் ஒன்றே.

வாங்குபவர் பார்க்கவேண்டியது பேட்டரியைத்தான். அதை மாற்றும் செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிவிடலாம். திரை காட்டும் தூரத்தை நம்பாமல், முழு சார்ஜில் எண்ணூர் வரை ஓட்டித் திரும்பி, எத்தனை சதவீதம் இறங்கியது என்று பார்ப்பது நல்லது. காசிமேட்டுப் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியானால் இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கியதா என்பதை சர்வீஸ் பதிவேடு சொல்லக்கூடும். பேட்டரி உத்தரவாதம் இரண்டாம் உரிமையாளருக்கு மாறுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30. கையெழுத்தானதும் செயலிக் கணக்கையும் பழைய உரிமையாளரின் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொல்ல வேண்டும்.