தொப்பியில் இருந்த கொடி

நீச்சல் போட்டிகளில் உள்ள நான்கு முறைகளில் மிக மெதுவானது மார்பு நீச்சல்தான். தவளை நீச்சல் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதுவேதான். கைகள் இரண்டும் ஒன்றாக நீரை விலக்க வேண்டும், கால்கள் இரண்டும் ஒன்றாக மடங்கி உதைக்க வேண்டும். சுவரைத் தொடும்போதும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பட வேண்டும். ஒரு கை முந்தினால் தகுதி நீக்கம்! ஒவ்வொரு வீச்சிலும் உடல் வேகம் குறைந்து, பிறகு மறுபடியும் கிளம்புகிறது. அதனால்தான் 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க 2001 வரை யாராலும் முடியவில்லை. அந்த ஆண்டுதான் ரஷ்யாவின் ரோமன் ஸ்லுத்னோவ் முதன்முதலாக அந்தக் கோட்டைத் தாண்டினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2011 ஜூலை 25 அன்று, சீனாவின் ஷாங்காய் நகரில் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பின் ஆண்கள் 100 மீட்டர் மார்பு நீச்சல் இறுதிப் போட்டி நடந்தது. விளையாட்டுச் செய்தியாக மட்டும் பார்த்தால், நார்வே வீரர் ஒருவர் தங்கம் வென்றார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களால் அதை அப்படிப் பார்க்க முடியாது.

ஜூலை 22, வெள்ளிக்கிழமை. நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் அரசு அலுவலகங்கள் இருந்த பகுதியில் ஒரு வேன் வெடிகுண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். போலீசாரின் கவனம் முழுவதும் அங்கே இருந்தபோது, அதே ஆள் போலீஸ் உடையில் உத்தோயா என்ற சிறு தீவுக்குப் போனான். அங்கே தொழிலாளர் கட்சியின் இளைஞர் முகாம் நடந்துகொண்டிருந்தது. 69 பேரைக் கொன்றான். அவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதுப் பிள்ளைகள். சிலர் உயிர் தப்ப ஏரிக்குள் குதித்து நீந்தினார்கள். (கொலைகாரன் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.) ஐம்பது லட்சம் மக்களே உள்ள ஒரு நாட்டில் ஒரே பிற்பகலில் 77 பேர்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாடு அப்படியொரு நாளைப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை நண்பகல் நார்வே முழுவதும் ஒரு நிமிட மௌனம் கடைப்பிடித்தது. ஷாங்காயில் அப்போது மாலை ஆறு மணி. அன்று மாலைதான் அலெக்சாண்டர் டேல் ஓயன் இறுதிப் போட்டிக்காகக் குளத்தருகே வந்து நின்றார்.

பெர்கன் நகரில் 1985ல் பிறந்தவர் டேல் ஓயன். பனிச்சறுக்கில் பதக்கங்களைக் குவிக்கும் நார்வேக்கு நீச்சலில் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே 100 மீட்டர் மார்பு நீச்சலில் அவர் வாங்கிய வெள்ளிதான் அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் நீச்சல் பதக்கம். அங்கே அவரை முந்தியவர் ஜப்பானின் கொசுகே கிடாஜிமா. 2004லும் 2008லும் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற ஜாம்பவான் அவர். ஷாங்காய் இறுதியிலும் கிடாஜிமா இருந்தார். தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க், இத்தாலியின் ஃபாபியோ ஸ்கோசோலி ஆகியோரும் இருந்தார்கள்.

முடிவு இதுதான். டேல் ஓயன் 58.71 விநாடி. ஸ்கோசோலி 59.42, வான் டெர் பர்க் 59.49. கிடாஜிமா 60.03 விநாடியில் நான்காவது. முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் 0.71 விநாடி வித்தியாசம். இரண்டாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்குமே 0.61தான்! நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் கை மாறும் இந்த விளையாட்டில், ஒரு மீட்டருக்கும் மேல் முன்னே வந்து ஒருவர் சுவரைத் தொடுவது அபூர்வம்.

அப்போதைய உலக சாதனை 58.58. அதை 2009ல் ரோம் நகரில் ஆஸ்திரேலியாவின் பிரெண்டன் ரிக்கார்ட் படைத்திருந்தார். ஆனால் அது பாலியூரித்தேன் உடைகளின் காலம். நீரில் மிதப்பதற்கே உதவும் அந்த உடைகளால் ரோமில் மட்டும் 43 உலக சாதனைகள் விழுந்தன. 2010 முதல் அவை தடை செய்யப்பட்டன. சாதாரணத் துணி உடையில் அதுவரை யாரும் 58.71ஐ எட்டியதில்லை. ஆகவே ரிக்கார்டின் சாதனையைவிட இதுவே பெரியது என்று சொன்னால் தப்பில்லை.

சுவரைத் தொட்டதும் டேல் ஓயன் தன் நீச்சல் தொப்பியில் இருந்த நார்வே கொடியை விரலால் சுட்டிக் காட்டினார். மேடையில் தேசிய கீதம் ஒலித்தபோது அவர் கண்கள் கலங்கின. அந்த வெற்றியை இறந்தவர்களுக்கு அர்ப்பணித்தார். தொலைவில் சீனாவில் இருந்தாலும் ஊரில் இருப்பவர்களின் துயரம் தனக்கும் உண்டு, இப்போது எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். அதே நாள் மாலை ஆஸ்லோ தெருக்களில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் கையில் ரோஜாப் பூக்களோடு கூடினார்கள்.

அடுத்து லண்டன் ஒலிம்பிக். தங்கம் அவருக்குத்தான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். பயிற்சிக்காக நார்வே அணி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் ஊருக்குப் போயிருந்தது. 2012 ஏப்ரல் 30 அன்று லேசான பயிற்சி, கொஞ்சம் கோல்ஃப் என்று சாதாரணமாகத்தான் கழிந்தது. அன்று குளியலறையில் விழுந்து கிடந்தவரை அணியினர் கண்டார்கள். காப்பாற்ற முடியவில்லை. இதயத் தமனி நோய் என்றது பிரேதப் பரிசோதனை. வயது 26. சாதாரணத் துணி உடையில் உலகத்திலேயே அந்தத் தூரத்தை வேகமாக நீந்திய உடலுக்குள் அந்த நோய் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஜூலை 29, லண்டன். ஷாங்காயில் வெண்கலம் வாங்கிய வான் டெர் பர்க் 58.46 விநாடியில் புதிய உலக சாதனையோடு தங்கம் வென்றார். வென்றதும் வானத்தைப் பார்த்து விரல் நீட்டினார், இறந்துபோன நண்பனுக்காக. இதில் ஒரு உறுத்தலும் உண்டு. நீருக்கடியில் ஒரு முறை மட்டுமே அனுமதிக்கப்பட்ட டால்ஃபின் உதையைத் தான் கூடுதலாக உதைத்ததாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள் என்பது அவர் வாதம். நீருக்கடியில் எடுத்த படத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லும் ஏற்பாடு அந்த ஒலிம்பிக்கில் இல்லாததால் பதக்கம் அவரிடமே இருந்தது.

அந்தப் போட்டியில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் ஸ்ப்ரெங்கர் எடுத்துக்கொண்ட நேரம் 58.93. ஓர் ஆண்டுக்கு முன் ஷாங்காயில் டேல் ஓயன் நீந்தியது 58.71.