ஏழு லிட்டர் கேபினட்டும் ஒரு ரிப்பன் கேபிளும்

2021-ல் ஒரு சனிக்கிழமை ராத்திரி. புதுசா வாங்கின மதர்போர்டையும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டையும் என் குட்டி கேபினட்டுக்குள் மாட்டி முடித்து, பவர் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டர் மட்டும் கும்மிருட்டு. ரேமைக் கழற்றி மாட்டினேன். எஸ்எம்பிஎஸ் வயர்களை எல்லாம் பிடுங்கித் திரும்பச் செருகினேன். விடியற்காலை மூணு மணிக்கு, 'கார்டு போச்சு, முப்பதாயிரத்துக்கு மேல் தண்டம்' என்று முடிவு கட்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மொத்தத்தையும் வெளியே எடுத்து, மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, கார்டை நேராக அதில் செருகினேன். படம் வந்துவிட்டது! கார்டிலும் குற்றமில்லை, போர்டிலும் குற்றமில்லை. இரண்டுக்கும் நடுவில் கேபினட்டோடு வந்த ஒரு பட்டை வயர் இருந்தது. பயாஸுக்குள் போய், பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகத்தை 'ஜென் 4'-லிருந்து 'ஜென் 3'-க்கு இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப உள்ளே அடைத்தேன். இன்றுவரை ஓடுகிறது.

அந்த வயர் ஏன் அங்கே இருக்கிறது? யார் வைத்தது? அப்போது தோன்றிய கேள்வியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் அளவு. நம்ம ஊரில் அந்தப் பெட்டியைக் கேபினட் என்போம், பாதி பேர் அதையே 'சிபியூ' என்றும் சொல்வோம். சாதாரண டவர் கேபினட்டின் கொள்ளளவு 40 முதல் 50 லிட்டர் வரும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர் இல்லையா? அப்போ ரெண்டு, ரெண்டரை கேன். சின்ன கேபினட் பைத்தியங்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கும் எல்லை பொதுவாக 20 லிட்டர், ஒரே ஒரு கேன். அதற்குள் கேம் ஆடத் தகுந்த முழு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும்.

டவருக்கு ஏன் அவ்வளவு இடம்? 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்புதான் காரணம். மதர்போர்டு 305-க்கு 244 மி.மீ. கிராஃபிக்ஸ் கார்டு அதன் மேல் செங்குத்தாக, சுவரில் அடித்த அலமாரிப் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பலகைக்கு மேலேயும் கீழேயும் வெற்றிடம். 1995-ல் அது வீண் இல்லை. சவுண்ட் கார்டு, மோடம், நெட்வொர்க் கார்டு என்று ஐந்தாறு பலகை அடிக்கிற காலம். பிற்பாடு எல்லாம் மதர்போர்டுக்குள்ளேயே போய்விட்டன. அலமாரியில் ஒரே ஒரு பலகைதான் மிச்சம், அறை மட்டும் அப்படியே.

கார்டைப் படுக்கப் போடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா? ஏடிஎக்ஸுக்கு முன்னாலேயே தோன்றியிருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த எல்பிஎக்ஸ் அமைப்பில், மதர்போர்டு நடுவில் ஒரு ரைசர் அட்டை நிற்கும், கார்டுகள் அதில் பக்கவாட்டில் செருகப்பட்டு போர்டுக்கு இணையாகப் படுத்திருக்கும். மானிட்டரைத் தலையில் சுமந்துகொண்டு கிடக்கும் பழைய ஆபீஸ் தட்டைப் பெட்டிகள் ஞாபகம் இருக்கா? அவற்றில் நிறைய இந்த வகைதான். ஆனால் ரைசரின் இடமும் இணைப்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறியதால், ஒருவரின் போர்டு இன்னொருவரின் பெட்டிக்குள் போகாது. ஏடிஎக்ஸ் வந்ததும் அந்த வழி மெல்ல மறைந்தது.

அடுத்த தள்ளு கேம் ஆடுகிறவர்களிடமிருந்து. ஸ்வீடனில் ட்ரீம்ஹேக் 1994-லும், டெக்சாஸில் குவேக்கான் 1996-லும் தொடங்கின. ஆளாளுக்குத் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே நெட்வொர்க்கில் இணைத்து ஆடும் கூட்டங்கள். (நாங்கள் காலேஜ் ஹாஸ்டலில் செய்தது இதன் ஏழை வடிவம். மூணாவது மாடியிலிருந்து கேபினட்டைப் பெட்ஷீட்டில் கட்டி இறக்கியிருக்கிறோம். வார்டன் பார்த்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.) இரும்புத் தகட்டு டவரைத் தூக்கிச் சுமந்தவனுக்குத்தான் சின்னப் பெட்டியின் அருமை தெரியும்.

தைவானின் ஷட்டில் நிறுவனம் 2001-ல் எஸ்வி24 என்ற அலுமினியக் கனசதுரத்தை விட்டது. ஆப்பிளின் பவர் மேக் ஜி4 க்யூப் அதற்கு முந்தின வருஷம் வந்து, 2001 ஜூலையிலேயே உற்பத்தி நின்று போயிருந்தது. எஸ்வி24-ல் கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட் கிடையாது, அது ஒரு பெரிய குறை. 2002-ல் வந்த எஸ்எஸ்51-ல் ஷட்டில் அதைச் சேர்த்தது. பிராசஸர் சூட்டை ஹீட் பைப் வழியாகப் பின்பக்க ஃபேனுக்குக் கடத்தினார்கள். தோராயமாக 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 18.5 செ.மீ. உயரம், 11 லிட்டர். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்து ஏங்கினது நல்லா ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெட்டி, போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றும் ஷட்டிலின் சொந்த அளவு. ரெண்டு வருஷம் கழித்து வேறு மதர்போர்டு போடலாம் என்றால் முடியாது, மொத்தத்தையும் மாற்றணும். எல்பிஎக்ஸைக் கொன்ற அதே வியாதி.

அதற்கு மருந்தும் தைவானிலிருந்தே வந்தது. விஐஏ நிறுவனம் 2001-ல் அறிவித்த மினி ஐடிஎக்ஸ், 170-க்கு 170 மி.மீ. சதுரம். விஐஏ அதை கேமுக்காகச் செய்யவில்லை. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் தன் பிராசஸர்களை விற்க ஒரு பலகை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அளவை எல்லோருக்கும் பொதுவாக்கியதுதான் முக்கியம். 2008-ல் சோட்டாக் அதே சதுரத்தில் இன்டெல்லின் டெஸ்க்டாப் பிராசஸரையும் முழு நீள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டையும் பொருத்திக் காட்டியது. 2009-ல் சில்வர்ஸ்டோனின் எஸ்ஜி05 வந்தது, 10.8 லிட்டர். அதற்குள் சின்ன எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ், 300 வாட். ஆனால் பெரிய கார்டு உள்ளே போகாது.

இங்கேதான் கதை கம்பெனிகளின் கையை விட்டுப் போகிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோரம் தளத்தில் சந்தித்த ரெண்டு ஆர்வலர்கள், தங்களுக்கு வேண்டிய பெட்டியை யாரும் செய்யவில்லை என்று தாங்களே வரைந்து, எல்லோர் முன்னாலும் திருத்தித் திருத்தி, 2013-ல் இண்டிகோகோவில் பணம் திரட்டி, தைவானின் லியான் லி தொழிற்சாலையில் செய்து வாங்கினார்கள். அதுதான் என்கேஸ் எம்1. 12.6 லிட்டர், முழு நீள கார்டு போகும். எஸ்எம்பிஎஸ்ஸை முன்பக்கம் நகர்த்தி, ஒரு மி.மீ. கூட வீணாகாமல் அடுக்கினார்கள். அகலம் 160 மி.மீ. கார்டு போர்டின் மேல் செங்குத்தாக நிற்கும்வரை, அகலத்தை இதற்குக் கீழே பெரிதாகக் குறைக்க வழியில்லை. செங்குத்து அமைப்பின் கடைசி எல்லை என்று என்கேஸைச் சொல்வேன்.

அந்த எல்லையைத் தாண்டிய பெட்டிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஜெர்மனியின் டேனியல் ஹான்சன் வடிவமைத்த டான் ஏ4. 2016-ல் கிக்ஸ்டார்ட்டரில் வந்தது, தயாரிப்பு அதே லியான் லி. 7.2 லிட்டர். மூணு பெட்டி சேர்ந்தால்தான் தண்ணீர் கேன் நிறையும்! மதர்போர்டு ஒரு பக்கம், கிராஃபிக்ஸ் கார்டு அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பக்கம், நடுவில் ஒரு தகடு. சாண்ட்விச் என்பார்கள். கார்டையும் போர்டையும் இணைக்க, தகட்டின் விளிம்பைச் சுற்றி வளைந்து போகும் ரிப்பன் கேபிள்.

அகலம் வெறும் 11 செ.மீ. சொச்சம். பிராசஸர் கூலருக்கு 48 மி.மீ., ரெண்டு ஸ்லாட் கார்டுக்கு 40 மி.மீ., மிச்சம் போர்டு, தகடு, திருகு. இவ்வளவு நெருக்கினால் வெந்துபோகாதா என்றால், நினைப்பதைவிடக் குறைவாகவே வேகிறது. கார்டின் ஃபேனும் கூலரின் ஃபேனும் ஓட்டை போட்ட பக்கத் தகடுகளை ஒட்டியே நிற்பதால், ரெண்டும் வெளிக்காற்றை நேராக இழுக்கின்றன. பெரிய டவரில், மற்ற பாகங்கள் சூடாக்கிவிட்ட உள்காற்றையும் சேர்த்தேதான் கார்டு குடிக்க வேண்டியிருக்கும். ஆனால் வெளிநாட்டு விமர்சகர்கள் சோதிப்பது 20, 22 டிகிரி அறையில். நம்ம மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 35 டிகிரி என்றால், அவர்கள் காட்டும் எண்ணோடு 13-ஐயோ 15-ஐயோ கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கார்டைப் படுக்கப் போடுவது 1987-லேயே தெரிந்த வித்தைதானே, ஹான்சன் புதிதாக என்ன செய்தார்? இதில்தான் எனக்கு ரொம்ப நாள் குழப்பம். விடை பெட்டியில் இல்லை, வயரில் இருக்கிறது. எல்பிஎக்ஸ் காலத்து சமிக்ஞைகள் வினாடிக்குச் சில கோடித் துடிப்புக்கும் கீழே. குறுக்கே ஒரு அட்டையை நிறுத்தினால் அதுபாட்டுக்குப் போகும். பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையில் ஒவ்வொரு பாதையிலும் வினாடிக்கு 800 கோடி பிட், அப்படி 16 பாதைகள், அதுவும் இரு திசையிலும். இந்த வேகத்தில் ஒரு கம்பி பக்கத்துக் கம்பியோடு பேச ஆரம்பித்துவிடும். மலிவான பட்டை வயர்கள் திணறியது இதனால்தான். டான் ஏ4 நம்பியது 3எம் நிறுவனத்தின் கேபிளை. அதில் ஒவ்வொரு ஜோடிக் கம்பிக்கும் தனி உலோக உறை உண்டு, மடித்தாலும் சமிக்ஞை கெடாது. விலை அதிகம்தான், ஆனால் அந்த வயர் இல்லாமல் இந்த ஏழு லிட்டர் இல்லை.

பெட்டியின் உயிரே வயரில் இருந்தால் நோயும் அங்கேதானே வரும்? 2019-ல் ஏஎம்டி-யின் எக்ஸ்570 போர்டுகளோடு நான்காம் தலைமுறை வந்தது, வேகம் இரட்டிப்பு. போர்டும் கார்டும் 'நமக்குத்தான் நாலு தெரியுமே' என்று அந்த வேகத்தில் பேசத் தொடங்கும். இடையில் இருக்கும் வயருக்கு மூணுதான் தெரியும், அதை வாய்விட்டுச் சொல்லவும் அதற்கு வழி கிடையாது. என் கருப்புத் திரைக்குக் காரணம் இதுதான். என் பிராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸும் இல்லை. படம் வந்தால்தான் பயாஸில் வேகத்தைக் குறைக்க முடியும், குறைத்தால்தான் படம் வரும்!

எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம்தான் போனது. இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2020-ல் வெளியிட்ட எச்1 கேபினட்டில், ரைசரைச் சட்டத்தோடு பிணைத்த ரெண்டு உலோகத் திருகுகள் அதன் மின்பாதையைத் தொட்டு, ஷார்ட் சர்க்யூட்டாகித் தீப்பிடிக்கும் அபாயம் வெளிப்பட்டது. முதலில் கம்பெனி நைலான் திருகுகளை அனுப்பி வைத்தது. பின்னாளில் பெட்டியை வாங்கும் வேறொருவர் விவரம் தெரியாமல் மறுபடி உலோகத் திருகு போட்டால் என்ன ஆகும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழியாகத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது, ரைசரையே மாற்றிக் கொடுத்தார்கள். ரெண்டு திருகு ஓட்டைக்கு எத்தனை மி.மீ. விலகி மின்பாதை ஓட வேண்டும் என்பது, ஒரு வீடு எரியுமா எரியாதா என்கிற விஷயமாக ஆகிவிட்டது. சாஃப்ட்வேர்காரனான எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. எங்கள் பிழைகளுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்ச் அனுப்பிவிடுவோம்.

இதற்கிடையில் கார்டுகள் வீங்கத் தொடங்கின. டான் ஏ4 வந்த 2016-ல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 கார்டு 180 வாட், ரெண்டு ஸ்லாட். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090, 450 வாட், மூணு ஸ்லாட், 61 மி.மீ. தடிமன். 40 மி.மீ. இடத்தில் 61 போகாது. ஒரு பெட்டியை மி.மீ. கணக்கில் செதுக்குவது, இன்னொரு கம்பெனி நாளைக்கு என்ன செய்யும் என்று பந்தயம் கட்டுவதுதான். அந்தப் பந்தயத்தில் நிறையப் பேர் தோற்றார்கள். 2023-ல் வந்த ஃப்ராக்டல் டெர்ரா கொஞ்சம் சாமர்த்தியமானது. 10.4 லிட்டர், நடுத் தகட்டை நகர்த்தலாம். கார்டு குண்டாக இருந்தால் கூலரை ஒல்லியாக்கு, கூலர் பெரிசாக வேண்டுமென்றால் கார்டை ஒல்லியாக வாங்கு. 2024-ல் என்விடியாவே இறங்கி வந்து, சின்ன கேபினட்டுக்கு ஏற்ற கார்டு இந்த அளவுக்குள் இருக்கணும் என்று வரையறை சொன்னது. நீளம் 304, உயரம் 151, தடிமன் 50 மி.மீ. இருபது வருஷமாகப் பெட்டிக்காரர்கள்தான் கார்டுக்கு வளைந்துகொடுத்தார்கள். தலைகீழாக நடந்தது இப்போதுதான்.

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090, என்விடியாவின் சொந்தத் தயாரிப்பு வடிவம், மறுபடி ரெண்டு ஸ்லாட். 575 வாட்டை 40 மி.மீ. தடிமனுக்குள் எப்படி அடைத்தார்கள் என்று பிரித்துக் காட்டிய வீடியோவைப் பார்த்து ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டேன். கார்டின் சர்க்யூட் பலகையையே மூன்றாக வெட்டியிருக்கிறார்கள். சிப் இருக்கும் முக்கியப் பலகை சுருங்கி நடுவில், போர்டில் செருகும் பகுதி தனித் துண்டு, மானிட்டர் இணைப்புகள் தனித் துண்டு. இவற்றை இணைப்பது வளையும் கேபிள். அந்தப் பட்டை வயர் இப்போது கார்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது.

பலகை சுருங்கியதால் ரெண்டு ஃபேனின் காற்றும் கார்டை ஊடுருவி மறுபக்கம் போகும். டவரில் அது அருமையான ஏற்பாடு. சாண்ட்விச் கேபினட்டில் மறுபக்கம் என்ன இருக்கிறது? நடுத் தகடும், அதற்கு அந்தப் புறம் மதர்போர்டும். அளவு சரியாகப் பொருந்துகிற கார்டு, தன் சூட்டையெல்லாம் போர்டின் முதுகில் ஊதுகிறது.

போன வாரம் 304-க்கு 137-க்கு 40 மி.மீ. அளவில் ஒரு தெர்மோகோல் துண்டு வெட்டி என் கேபினட்டில் வைத்துப் பார்த்தேன். நீளத்தில் 9 மி.மீ. இடிக்கிறது.