நெல் நாற்றின் வேரை வீங்கவைக்கும் பூஞ்சை: விஷம் அதனுடையது அல்ல

தட்டில் விட்ட நெல் நாற்று வளராமல் நின்று, வேர் நுனி தடித்து வீங்கி, மண்மேல் வெள்ளைப் பூஞ்சையும் படர்ந்திருந்தால் அது ரைசோபஸ் பூஞ்சையால் வரும் நாற்றுக் கருகலாக இருக்கலாம். ஜப்பானில் எந்திர நடவுக்காகப் பெட்டிகளில் நாற்று வளர்த்தவர்களுக்கு நன்கு பழக்கமான நோய் இது.

வேரை முடக்கும் விஷத்துக்கு ரைசாக்சின் என்று பெயர். வேர் நுனியில் செல்கள் பிரிவதை இது தடுத்துவிடும். 1984-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் அமைப்பை வெளியிட்டபோது, பூஞ்சைதான் இதைச் சுரக்கிறது என்று எண்ணினார்கள். 2005-ல் ஜெர்மனியின் யெனா நகரில் லைலா பார்ட்டிடா-மார்ட்டினெஸ், கிறிஸ்டியன் ஹெர்ட்வெக் இருவரும் பூஞ்சை இழைக்குள்ளே பாக்டீரியா குடியிருப்பதைக் கண்டார்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பாக்டீரியாவை ஒழித்ததும் பூஞ்சை பிழைத்தது, ஆனால் விஷம் வரவில்லை. பாக்டீரியாவைத் தனியாக வளர்த்தபோது விஷம் வந்தது.

பிறகு இன்னொன்றும் தெரிந்தது. பாக்டீரியா இல்லாத பூஞ்சையால் வித்துகளை உண்டாக்க முடியவில்லை. குடித்தனக்காரர் காலி செய்தால் வீட்டுக்காரருக்கு வாரிசே இல்லை என்ற கதைதான். பாக்டீரியாவும் அந்த வித்துக்குள்ளேயே ஏறி அடுத்த இடத்துக்குப் போகிறது.

இதைப் படித்துவிட்டு நாற்றங்காலில் ஆன்டிபயாட்டிக் தெளிக்க வேண்டாம். அது ஆய்வுக்கூடச் சோதனை மட்டுமே. பூஞ்சைக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே நம் கையில் உள்ளது. பழைய தட்டுகளைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே மண் நிரப்புங்கள். அடுக்கி மூடிவைக்கும் நாட்களில் உள்ளே சூடும் ஈரமும் மிஞ்சினால் ரைசோபஸ் வேகமாகப் படரும். முளை எழும்பியதும் மூடாக்கை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள்.