வழுநீக்கலும் செய்நிரல் மொழித் தேர்வும்

நன்னூலார் வழுவினைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தார். வழு இன்னதென அறிந்தாலன்றித் திருத்துதல் இயலாதென்பது தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. கணினியின் வரலாற்றில் இவ்வுண்மை சற்றுப் பிந்தியே உணரப்பட்டது.

1949 மே மாதத்தில் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் பொறி இயங்கத் தொடங்கியது. அதனை ஆக்கிய மோரிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளிற் பெரும்பகுதி தாமே எழுதிய செய்நிரல்களின் வழுக்களைத் தேடுவதிற் கழியப்போகின்றதென அந்நாளிலே உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார். அவருடன் பணியாற்றிய ஸ்டான்லி கில், எட்சாக்கில் வழுக்களைக் கண்டறியும் வழிகளை 1951-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் போட்ரான் மொழியை வெளியிட்டது. அது கணிதத்துக்கு ஏற்றது. மாணாக்கருக்கோ இடர் தந்தது. துளையிட்ட அட்டைக் கட்டினை ஒப்படைத்துக் காத்திருந்தால், விளங்காத ஓர் எண்ணே விடையாக வருதலும் உண்டு. (கட்டு கைதவறிக் கலைந்தால் நேரும் துன்பம் வேறு.) இந்நிலையில் 1965-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து மாணவர் நால்வர் வாட்போர் என்னும் தொகுப்பானை ஆக்கினர். மதிப்பளிக்கப்படாத மாறியைப் பயன்படுத்தினும், அணியின் எல்லையைக் கடப்பினும் அது தெளிவாக எடுத்துரைத்தது. மொழி பழைய போட்ரானே. ஆயினும் வழுவை விளங்கச் சொன்னமையாற் பிற பல்கலைக்கழகங்களும் அதனை விரும்பி ஏற்றன.

நிக்கிளஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கலும் இத்தகையதே. 1983-இல் வந்த டர்போ பாஸ்கல், முதல் வழுவிலேயே நின்று, நிலைகாட்டியை அவ்விடத்திற் கொண்டுபோய் நிறுத்திற்று. 1988-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் நிரலை வரிவரியாக இயக்கி மாறிகளின் மதிப்பை உற்றுநோக்கும் வசதியும் சேர்ந்தது. கற்பிப்போர் பலர் அதனை நாடியமைக்கு இவை சிறிய காரணங்கள் அல்ல.

இலங்கையிற் சாதாரண தரப் பாடநூல் பாஸ்கலையும் உயர்தரம் பைதனையும் கற்பித்து வந்துள்ளன. பைதன் எழுதுதற்கு எளிது. எனினும் 'மொத்தம்' எனும் மாறிக்கு மதிப்பளிக்கையில் ஓர் எழுத்துத் தவறினால், பைதன் வாய்திறவாது புதிய மாறியொன்றை ஆக்கிவிடும். நிரல் ஓடும், விடை பிழைக்கும். முன்னரே அறிவிக்கப்படாத பெயரைப் பாஸ்கல் ஏற்பதில்லை.

மாத்தளையில் யான் கற்பித்த தோட்டப்புறத்து மாணவி ஒருத்தி அடைப்புக்குறியொன்றை மூடாது விட்டாள். பொறி அடுத்த வரியைக் குற்றஞ்சாட்டியது. குற்றமற்ற அவ்வரியை அரைமணி நேரம் திருத்திக்கொண்டிருந்து, இப்பாடம் தனக்கு வேண்டாமென்றாள். 2021 அக்டோபரில் வந்த பைதன் 3.10, மூடப்படாத அடைப்புக்குறியையே சுட்டுகின்றது. ஆனால் எம் ஆய்வுகூடத்திலிருந்தவை விண்டோஸ் 7 பொறிகள், 3.8-க்கு மேற்பட்ட பதிப்பை அவை ஏலா.

வழுச்செய்திகள் ஆங்கிலத்தில் இருத்தல் மற்றோர் இடர். முத்து அண்ணாமலை 2009-இல் கட்டுரை வாயிலாக அறிமுகஞ்செய்த 'எழில்' என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழி இவ்வகையிற் கவனத்துக்குரியது. எனினும் பரீட்சைக்கு உதவாத மொழியைப் பெற்றோர் ஏற்பது அரிது.

ஆதலின் தொடக்க மாணவர்க்குப் பாஸ்கலே ஏற்றதென்பது எம் கருத்து. சக ஆசிரியர் சிலர் இதனை ஒப்புவதில்லை. அம்மாணவி தான் கண்ட வழுச்செய்தி ஒவ்வொன்றையும் தமிழ்ப் பொருளோடு ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவரலானாள். இரண்டாந் தவணை முடிவில் அதில் நாற்பத்தொன்று இருந்தன.