வீட்டு முகப்பு: சுண்ணாம்பு முதல் வண்ணப்பூச்சு வரை

வீட்டு முகப்பு என்பது வீட்டின் தெருவை நோக்கிய பகுதியாகும். சுவர், திண்ணை, வாசல், அதன் முன்னுள்ள மண்தரை, செடி, மரம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இன்று முகப்பை அழகுபடுத்துவது என்றால் நிறம் தேர்ந்தெடுப்பது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் தமிழர் வீட்டு முகப்பு, வெயிலையும் மழையையும் சமாளிக்கவும் தெருவில் வருவோருக்கு இடம் தரவும் அமைந்தது. அழகு அதனுடன் சேர்ந்தே வந்தது.

சுண்ணாம்பும் காவியும்

சுவருக்குச் சுதை பூசும் வழக்கம் மிகப் பழமையானது. சங்க நூலான நெடுநல்வாடை, அரண்மனைச் சுவரின் வெண்மையான சுதையைக் குறிப்பிடுகிறது. கிளிஞ்சலை அல்லது சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, நீர் விட்டு நீற்றினால் சுண்ணாம்பு கிடைக்கும். சுவரில் அடித்த பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. அதன் வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். அதன் காரத்தன்மை பூஞ்சையைத் தடுக்கும். சுவரில் ஏறிய ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும்.

சுண்ணாம்பு ஓரிரு மழைக்காலத்தில் மங்கும். எனவே பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது ஆண்டுதோறும் செய்யும் வேலையாயிற்று. ஒட்டுவதற்குக் கஞ்சியும், பளிச்சென்று தெரியச் சிறிது நீலமும் கலப்பர். திண்ணை ஓரத்தில் காவிப் பட்டை இடுவர். கோயில் மதில்களில் காணும் வெள்ளை, காவிப் பட்டைகளும் இதே இரு பொருள்களால் ஆனவையே.

திண்ணையும் வாசலும்

திண்ணை வீட்டாருக்கு உரியது. ஆயினும் வழிப்போக்கரும் அதில் அமரலாம். மாடக்குழியில் ஏற்றிய விளக்கு தெருவுக்கும் ஒளி தந்தது. சாணம் தெளித்துக் கோலமிட்ட மண்வாசல் மழைநீரை உறிஞ்சிக்கொண்டது. வேம்பு நிழல் தந்தது. பந்தலில் படர்ந்த அவரை நிழலோடு காயும் தந்தது.

புதுச்சேரி காட்டும் வழி

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில் இருவகை முகப்புகளை அருகருகே காணலாம். கால்வாயின் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் தோட்டத்தை மறைத்து வைத்துள்ளன. மேற்கே தமிழர் பகுதி வீடுகள் திண்ணையோடும், தூண்கள் தாங்கும் தாழ்வாரத்தோடும் தெருவை நோக்கித் திறந்துள்ளன. அங்குள்ள வைசியாள் வீதியின் பழைய முகப்புகள் சீரமைக்கப்பட்டன. இப்பணிக்கு 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஒரு வீட்டை மட்டும் அழகாக்காமல் தெருவின் முகத்தையே மீட்டது இதன் சிறப்பு.

மாறிய முகப்பு

1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்கால் இன்று நகரை ஒட்டிய குடியிருப்புப் பகுதியாக வளர்ந்துள்ளது. இத்தகைய புதிய குடியிருப்புகள் எங்கும் ஒரே போக்கைக் காண்கிறோம். திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்தன. மண்வாசலைச் சிமெண்டுத் தரை மூடியது. சுவரில் அடர்நிறப் பூச்சு ஏறியது.

அடர்நிறம் வெப்பத்தை ஈர்க்கும். மூடிய வாசல் மழைநீரைத் தெருவுக்குத் தள்ளும். 2003இல் தமிழக அரசு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மண்வாசல் இயல்பாகச் செய்து வந்த வேலையில் ஒரு பகுதியைப் பின்னர் சட்டத்தின் மூலம் செய்ய வேண்டியதாயிற்று.

இன்று செய்யத்தக்கவை

பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மீண்டும் சுண்ணாம்பே ஏற்றது. ஈரத்தை அடைக்கும் பூச்சு அதன்மேல் நெடுநாள் நிற்காமல் உரிந்துவிடும். புதிய வீட்டின் வெளிச்சுவருக்கு வெளிர்நிறம் நல்லது. மாலை வெயில் தாக்கும் மேற்குப் பக்கம் மரம் வளர்க்கலாம். வாசலில் ஒரு பகுதியையாவது மண்ணாக விடலாம். இடமிருந்தால் சுற்றுச்சுவருக்கு வெளியே இருவர் அமரும் அளவில் ஒரு திண்ணை கட்டலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளையும், நடந்து களைத்த முதியவரும் அதில் சிறிது நேரம் உட்கார்ந்து போவார்கள்.