உடலிலும் ஆண்டவரிலும்: பிலேமோனுக்கு எழுதிய கடிதமும் திண்டுக்கல் சமவெளியும்

அமெரிக்க மதுரை மிஷன் 1835இல் திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தது. சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று 1847இல் அதே மிஷன் முடிவெடுத்தது. விட்டதற்குச் சான்று, எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உண்பது. மறுத்த உபதேசியார்கள் விலக்கப்பட்டனர்; பசுமலை செமினரி மாணவர்களும் வெளியேறினர். சாதி உலக வழக்கு, விசுவாசம் ஆன்ம காரியம், ஒன்று மற்றொன்றைத் தொட வேண்டியதில்லை என்பது அக்காலத் தமிழ்க் கிறிஸ்தவர் பலரது நிலைப்பாடு. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் அந்தப் பக்கமே நின்றார். பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்தின் கிரேக்க மூலம் இந்த நிலைப்பாட்டுக்கு இடம் தரவில்லை என்பது என் வாதம். அதே மூலம் மிஷன் கையாண்ட முறையையும் கேள்வி கேட்கிறது.

கடிதம் சிறியது: 25 வசனம், கிரேக்கத்தில் ஏறத்தாழ 335 சொல். சிறையிலிருக்கும் பவுல், ஒநேசிமு என்னும் அடிமையை அவனுடைய எசமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார். அவன் திருடிக்கொண்டு ஓடியவன் என்று நாம் கேட்டுப் பழகிய கதை மூலத்தில் இல்லை. 15ஆம் வசனத்தின் வினை செயப்பாட்டில் நிற்கிறது: அவன் 'பிரிக்கப்பட்டான்'. 18ஆம் வசனத்தில் வரும் கடன் 'இருந்தால்' என்ற நிபந்தனையோடு வருகிறது. தப்பி ஓடிய அடிமை என்பது பழைய சபைத் தந்தை கிறிசோஸ்தோம் காலத்திலிருந்து வேரூன்றிய விளக்கம். அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் விளக்கம் வேறு, மூலம் வேறு.

கடிதத்தின் உயிர் 16ஆம் வசனத்தில் இருக்கிறது. இனி அவனை அடிமையாக அன்றி அன்புச் சகோதரனாகக் கொள்ளச் சொல்லும் பவுல், அந்த உறவு எங்கெங்கு செல்லும் என்பதற்கு இரண்டு களங்களைக் குறிக்கிறார்: 'சார்க்ஸ்', 'குரியோஸ்'. உடலும் ஆண்டவரும். இரண்டின் முன்னும் ஒரே இணைப்பிடைச்சொல் திரும்ப வருகிறது. தமிழின் எண்ணும்மை செய்யும் வேலை இதுதான்: 'உடலிலும் ஆண்டவரிலும்'. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க இந்தத் தொடரமைப்பு இடம் விடாது. வரிசையும் கவனிக்கத்தக்கது, உடல் முதலில் வருகிறது. பவுல் பிற இடங்களில் 'சார்க்ஸ்' என்பதைப் பாவத்தின் இருப்பிடமாகவும் பேசுவார். இங்கே அந்தப் பொருள் பொருந்தாது. பாவத்தில் சகோதரனாக இருக்கும்படி யாரும் கேட்கமாட்டார். மனிதர் ஒரே வீட்டில் உண்டு, உழைத்து, உறங்கும் வாழ்வையே அது சுட்டுகிறது. தமக்குச் சகோதரனாக இருப்பதைவிட எசமானுக்கே அவன் மேலும் நெருக்கமானவன் என்று பவுல் சொல்வதும் அதனால்தான், வீடு பிலேமோனுடையது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த வசனத்தில் 'அடிமையாக' என்பதற்கு முன் 'ஹோஸ்' என்ற ஒப்புமைச் சொல் நிற்கிறது. மாறுவது கருதும் விதமே தவிர சட்ட நிலை அல்ல என்பர். விடுதலை செய் என்று பவுல் எங்கும் நேராகக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த வசனத்தில் அதே 'ஹோஸ்' மீண்டும் வருகிறது: தம்மை ஏற்பதுபோல் அவனை ஏற்கச் சொல்கிறார். பவுல் வந்தால் பிலேமோன் எங்கே உட்கார வைப்பார்? 22ஆம் வசனத்தில் தமக்கு விருந்தினர் அறையை ஆயத்தம் செய்யச் சொல்வதையும் சேர்த்துப் படித்தால், கருதும் விதம் பந்தியில் வந்து முடிவதைக் காணலாம்.

இது தனி மடலும் அல்ல. அப்பியாள், அர்க்கிப்பு, வீட்டில் கூடும் சபை எல்லாரையும் விளித்துத் தொடங்கி, 4ஆம் வசனத்திலிருந்து முன்னிலை ஒருமைக்கு மாறி, முடிவில் மீண்டும் பன்மைக்குத் திரும்புகிறது. சபையார் கேட்டிருக்க, ஒருவரிடம் வைக்கும் வேண்டுகோள் இது. இன்றைய ஆங்கிலத்தில் மறையும் இந்த மாற்றத்தைப் பழைய தமிழ் வேதாகமத்தின் 'நீர்' மரியாதையோடு காப்பாற்றுகிறது.

கிரேக்கம் தெரிந்தால் நியாயம் தானே புலப்படும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஆண்டோவர் செமினரியில் இருந்த மோசஸ் ஸ்டூவர்ட் வேதாகமப் பேரறிஞர்; 1850இல் தப்பிய அடிமைகளைத் திருப்பி அனுப்பும் சட்டத்துக்கு ஆதரவாக ஒநேசிமுவைச் சான்று காட்டினார். மதுரை மிஷனை அனுப்பிய அமெரிக்க போர்டு 1845இல், செரோக்கி, சொக்டா என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களிடையே தன் சபைகளில் அடிமை வைத்திருந்தோரை அந்தக் காரணத்துக்காகவே விலக்க மறுத்தது. இரண்டே ஆண்டில் அதே போர்டின் மதுரை ஊழியர்கள் சாதியை விடாதவரை விலக்கினர். படிப்பு ஒன்றுதான், எந்த வசனத்தில் கண் தங்குகிறது என்பதைப் படிப்பவர் நிற்கும் மண் பெரிதும் தீர்மானித்திருக்கிறது. திண்டுக்கல் சமவெளியின் பண்ணையாள் மரபையும் தோல் தொழிலையும் அறிந்தவருக்கு 'உடலிலும்' என்பதைத் தாண்டிப் போவது எளிதல்ல.

கத்தோலிக்கத் தரப்பும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. 1872இல் எழுந்த வடக்கன்குளம் ஆலயம் சாதிக்கொரு பகுதியாகவே கட்டப்பட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத் தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியபோது, ஆண்டவரில் சகோதரனானவன் உடலிலும் ஆகிவிட்டான் என்று அரசு எடுத்துக்கொண்டது போலாயிற்று. பிரிந்து கிடக்கும் கல்லறைகள் அதை ஒப்புவதில்லை.

இனி மிஷனின் முறை. கட்டளையிட உரிமை இருந்தும் அன்பினால் கேட்பதாக 8, 9ஆம் வசனங்களில் பவுல் சொல்கிறார். 14இல் நன்மை கட்டாயத்தால் அன்றி மனதார நடக்க வேண்டும் என்கிறார். 1847இன் பந்தி நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சம்பளம் தருபவர் விதித்த தேர்வாக வந்ததால், உண்டவரின் மனம் மாறியதா என்று அந்தப் பந்தியால் அறிய முடியவில்லை. பவுலின் வழிக்கும் விலை உண்டு: எசமான் மனம் மாறாவிட்டால் ஒநேசிமுவுக்கு என்ன ஆகும்? மூலத்தில் அவனுக்கு ஒரு சொல்கூட இல்லை. திரும்பிப் போகச் சம்மதமா என்று யாரும் அவனைக் கேட்டதாகவும் அதில் இல்லை. 1830களில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் போதகர் சார்ல்ஸ் கால்காக் ஜோன்ஸ் இக்கடிதத்தை வைத்து, ஓடிப்போவது தவறு என்று அடிமைகளுக்குப் போதித்தபோது, கேட்டவர்களில் பாதிப் பேர் எழுந்து போனதாக அவரே எழுதினார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படிக்கும் மாணவர் இலக்கணத்தை முடித்தபின், பிலேமோனின் இடத்திலிருந்து அல்ல, ஒநேசிமுவின் இடத்திலிருந்து இந்த 25 வசனங்களை மறுபடியும் படிக்க வேண்டும்.