விசை யாருக்கு உரியது? உள்ளீட்டுப் புலமல்லாத உறுப்புகளில் விசைப்பலகை நிகழ்வுகள்

வலைச்செயலி எழுதப் பழகுவோர் விரைவிலேயே ஒரு புதிரில் முட்டிக்கொள்கிறார்கள். ஒரு டிவ் உறுப்பில் சொடுக்கு நிகழ்வுக்கு எழுதிய நிரல் உடனே வேலை செய்கிறது. விசையை அழுத்தும்போது எழும் கீடவுன் நிகழ்வுக்கு எழுதினால் அசைவே இல்லை. இதை உலாவியின் குறையெனக் கருதிப் பலரும் அந்த நிரலை ஆவணம் முழுவதற்குமாக மாற்றி வைத்துவிடுகிறார்கள். இது நோயறியாமல் கொடுக்கும் மருந்து என்பதே இக்கட்டுரையின் வாதம். விசையைப் பிடிப்பது எளிது. அது யாருக்கு உரியது என்று முடிவு செய்வதுதான் வடிவமைப்பின் வேலை.

சுட்டிக்குத் திரையில் ஓர் இடம் உண்டு. எங்கே அழுத்தினோமோ அங்குள்ள உறுப்புக்கு நிகழ்வு போகும். விசைக்கு அப்படி இடம் கிடையாது. எனவே உலாவி அதை ஃபோகஸ் பெற்றிருக்கும் உறுப்பிடம் சேர்க்கிறது; எதற்கும் ஃபோகஸ் இல்லையென்றால் பாடி உறுப்பிடம். டிவ் இயல்பாக ஃபோகஸ் பெறாது. 1997இல் வந்த எச்டிஎம்எல் 4, ஃபோகஸ் வரிசையை ஆளும் டேப்இன்டெக்ஸ் பண்பை இணைப்பு, பொத்தான், படிவப் புலம் போன்ற சிலவற்றுக்கே தந்திருந்தது. 2014இல் பரிந்துரையான எச்டிஎம்எல் 5 அதை எல்லா உறுப்புகளுக்கும் பொதுவாக்கியது. மதிப்பு 0 என்றால் உறுப்பு டேப் விசையின் வரிசையில் சேரும். -1 என்றால் அவ்வரிசையில் சேராது, ஆனால் நிரல் வழியே ஃபோகஸ் தரலாம்.

ஃபோகஸ் கிடைத்ததால் மட்டும் டிவ் பொத்தானாகிவிடாது. உண்மையான பொத்தான் என்டர் விசையை அழுத்தியதும் இயங்கும். ஸ்பேஸ் விசைக்கோ விரலை எடுத்த பிறகே இயங்கும். டிவ்வில் இந்த நுட்பத்தை நாமே எழுத வேண்டும். ஸ்பேஸ் அழுத்தும்போது பக்கம் உருளாமல் தடுக்க வேண்டும். திரைவாசிப்பான் அறியும்படி ஏரியா (ARIA) எனும் அணுகல்தன்மைப் பண்புகள் வழியே அதன் பங்கையும் அறிவிக்க வேண்டும். பொத்தான் போதுமான இடத்தில் டிவ்வைத் தேர்வது தானாகத் தேடிக்கொள்ளும் கடன்.

பொத்தான்களை மட்டும் அடுக்கிச் சமாளிக்க முடியாத இடங்களும் உண்டு. 40 இருக்கைகள் கொண்ட பேருந்து வரைபடத்தை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் 0 கொடுத்தால், வரைபடத்தைத் தாண்டிச் செல்லவே 40 முறை டேப் அழுத்த வேண்டும். மாறாக ஒரே ஓர் இருக்கைக்கு 0, மற்றவற்றுக்கு -1 கொடுத்து, அம்புக்குறி விசைகளை அழுத்த அழுத்த அந்த 0-வையும் ஃபோகஸையும் உடன் நகர்த்தலாம். வரைபடம் முழுவதும் டேப் வரிசையில் ஒரே நிறுத்தமாகிவிடும். விசையைக் கேட்கும் நிரலும் ஆவணத்தில் அன்றி வரைபடத்தின் வேர் உறுப்பில் ஒன்றே இருந்தால் போதும். இருக்கையில் தோன்றும் நிகழ்வு மேலெழும்பி அங்கே வந்துசேரும்.

விளையாட்டுகளும் படவில்லைக் காட்சிகளும் ஆவணம் முழுவதிலும் விசை கேட்கின்றனவே என்று மறுக்கலாம். அங்கே பக்கம் முழுவதும் ஒரே பொருள் என்பதால் அது பொருந்தும். பல பகுதிகள் கொண்ட செயலியில் பொருந்தாது. ஜிமெயிலைப் போல ஜே, கே எழுத்துகளால் அஞ்சல்களிடையே நகரும் ஒரு செயலியைக் கொள்வோம். தமிழ் 99 விசைத் தளக்கோலத்தில் அவ்விடங்களில் ‘ப’வும் ‘ம’வும் இருக்கின்றன. நிகழ்வின் கீ பண்பு தமிழெழுத்தையே தருமானால் குறுக்குவழி ஊமையாகிவிடும். கோட் பண்பை நாடினால் விசையின் இடம் தெரியும். ஆனால் வேறு எழுத்துகளைக் குறுக்குவழியாக்கினால், சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும் பிரெஞ்சுப் பலகையில் எழுத்தை நம்பி அழுத்துபவர் ஏமாறக்கூடும். குரல் உள்ளீடு பயன்படுத்துபவருக்கோ பேசும் சொல்லின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளையாகிவிடக்கூடும்.

2018இல் வந்த அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யுசிஏஜி 2.1, ஓரெழுத்துக் குறுக்குவழிகளுக்கு மூன்று வழிகளில் ஒன்றைக் கேட்கிறது: அணைக்க வசதி, மாற்றியமைக்க வசதி, அல்லது உரிய உறுப்பு ஃபோகஸில் இருக்கும்போது மட்டும் இயங்குதல். முதலிரண்டும் பிழை நேர்ந்தபின் பயனர் தேடிப் போகும் பரிகாரங்கள். மூன்றாவது, பிழைக்கே இடம் கொடுக்காதது. தொடக்கத்தில் கண்ட டிவ் பேசாமல் இருந்ததும் இந்த மூன்றாம் வழியின் தர்க்கப்படிதான்: அதற்கு ஃபோகஸ் இல்லை, ஆகவே விசையும் அதற்கு உரியதன்று.